ஏழாவது ஊரைக் கட்டலாமா?

ஊர் கட்டி நாடு வளர்க்கிற சிவிலைசேஷன் என்ற கம்ப்யூட்டர் ஆட்டத்தை ஆடுகிற எல்லோருக்கும் ஓர் இடத்தில் கை நின்றுவிடும். ஆறு ஊர் கட்டியாயிற்று. கிழக்கே ஒரு நல்ல இடம் இன்னும் காலியாகக் கிடக்கிறது: ஆற்றங்கரை, சோளம், மலையோரத்தில் தங்கம். ஆனால் ஐந்தாவது ஊருக்கு அப்புறமே ஆய்வு தள்ளாடத் தொடங்கிவிட்டது. முன்னால் ஏழு டர்னில் (சுற்றில்) முடிந்த டெக், அதாவது ஒரு கண்டுபிடிப்பு, இப்போது பதினாலு டர்ன் ஆகும் என்று காட்டுகிறது. புது ஊர் அமைக்கும் செட்லரை அனுப்புவதா, இருக்கிற ஊர்களில் நூலகம் கட்டுவதா?

இதை யாரிடம் கேட்டாலும் "ரெண்டையும் சமமா கொண்டு போகணும்" என்பார்கள். அது பதிலே இல்லை. எந்த அளவுக்குச் சமம், எப்போது சமம், எந்த ஆட்டத்தில் சமம்? இத்தனை வருஷம் ஆடியதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். இந்த வகை ஆட்டம் ஒவ்வொன்றும் பரவுவதற்கு எங்காவது ஒரு வரி போடுகிறது. ஒன்றில் காசில், ஒன்றில் மக்களின் மகிழ்ச்சியில், ஒன்றில் டெக்கின் விலையிலேயே. அந்த வரி எங்கே விழுகிறது என்று தெரிந்துகொண்டால் ஏழாவது ஊரைப் பற்றிய கேள்விக்குத் தானாக விடை வந்துவிடும். தெரியாமல் ஒரு பாகத்தில் கற்றதை இன்னொரு பாகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் அடிதான் விழும்.

வரி எதற்காக வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். சித் மையரும் புரூஸ் ஷெல்லியும் 1991-இல் மைக்ரோபுரோஸ் வழியாகக் கொண்டுவந்த முதல் பாகத்தில் ஒரு சின்ன விதி இருந்தது. வரைபடத்தில் ஊர் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அந்தக் கட்டத்தின் விளைச்சல் ஆள் இல்லாமலே கிடைக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு குடிமகனும் ஒரு கட்டத்தில் வேலை செய்வான். கேட்க ஒன்றுமில்லாத விதி மாதிரி இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டுப் பேர் வாழும் ஒரே ஊர் ஒன்பது கட்டங்களின் பலனை எடுக்கும். அதே எட்டுப் பேர் ஆளுக்கொரு ஊராகப் பிரிந்து உட்கார்ந்தால் பதினாறு கட்டங்கள். சின்ன ஊர் வளர உணவும் குறைவாகப் போதும். முதல் சில குடிமக்கள் கோயில் கட்டாமலே திருப்தியாக இருப்பார்கள். ஆகவே பெரிய நகரம் கட்டுவது முட்டாள்தனம், குட்டி குட்டி ஊர்களாகத் தரை முழுக்கத் தூவுவதுதான் புத்திசாலித்தனம் என்றாகிவிட்டது. ஆட்டக்காரர்கள் இதற்கு 'இன்ஃபினிட் சிட்டி ஸ்ப்ரால்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். 1996-இல் வந்த இரண்டாம் பாகத்திலும் இதே கதைதான்.

இந்த வகை ஆட்டங்களுக்கு 'ஃபோர் எக்ஸ்' என்ற பெயரை 1993-இல் ஆலன் எம்ரிச் என்ற எழுத்தாளர், மாஸ்டர் ஆஃப் ஓரியன் என்ற ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது கொடுத்தார். தேடு, பரவு, பயன்படுத்து, ஒழி என்று நாலு வேலைகள், ஆங்கிலத்தில் நாலுமே 'எக்ஸ்' என்று தொடங்கும் சொற்கள். ஆய்வு அந்த நாலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அன்றைய ஆட்டங்களில் அது நியாயம்தான். பரவினால் ஆய்வு தானாகப் பின்னால் வந்துவிடும். பெரிய நாடு எப்போதும் புத்திசாலி நாடு.

2001-இல் வந்த மூன்றாம் பாகம் இதை ஊழலால் கட்டுப்படுத்தப் பார்த்தது. தலைநகரிலிருந்து தூரம் கூடக் கூட, ஊர்களின் எண்ணிக்கை கூடக் கூட, ஊரின் விளைச்சல் ஊழலில் போய்விடும். கடைசியாகக் கட்டிய ஊர்கள் டர்னுக்கு ஒரே ஒரு கேடயம் (உற்பத்திப்புள்ளி), ஒரே ஒரு காசு என்று கிடக்கும். எனக்கு இது அறவே பிடிக்கவில்லை. காரணம், வரி என்று ஒன்று இருந்தும் அது யாரையும் தடுக்கவில்லை. ஒரு காசு தரும் ஊரும் லாபம்தானே, நஷ்டம் ஒன்றும் இல்லையே. ஆகவே எல்லோரும் கட்டிக்கொண்டே போனார்கள். கூடவே எரிச்சலும் பட்டார்கள்.

சரி, நான் நிறையப் பேச நினைப்பது நாலாம் பாகத்தைப் பற்றி. 2005-இல் வந்தது, தலைமை வடிவமைப்பாளர் சோரன் ஜான்சன். ஊழலைத் தூக்கிப் போட்டுவிட்டு அதன் இடத்தில் பராமரிப்புச் செலவைக் கொண்டுவந்தார். இப்போது புது ஊர் குறைவாகத் தருவதோடு நிற்பதில்லை. கட்டிய டர்னிலிருந்தே கஜானாவிலிருந்து எடுக்கத் தொடங்குகிறது. தூரத்துக்கு ஒரு செலவு, ஊர் எண்ணிக்கைக்கு ஒரு செலவு. எண்ணிக்கைக்கான செலவு புது ஊரில் மட்டும் விழுவதில்லை, ஏற்கெனவே இருக்கும் எல்லா ஊர்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஊழலால் சாதிக்க முடியாததை இந்த ஒரு மாற்றம் சாதித்துவிட்டது.

இதில் ஆய்வு எப்படி நடக்கிறது என்றால், ஊர்கள் ஈட்டும் வணிகத்தை ஒரு ஸ்லைடரால் பிரிக்கிறோம். இத்தனை சதவீதம் ஆய்வுக்கு (அதைப் பீக்கர் என்ற புள்ளிகளாக எண்ணுவார்கள்), மீதி கஜானாவுக்கு. பத்துப் பத்தாக ஏற்றி இறக்கலாம். ஆட்டம் தொடங்கும்போது நூறில் நிற்கும். ஊர் கூடினால் பராமரிப்பு கூடும், கஜானா இறங்கும், ஸ்லைடரை இறக்க வேண்டி வரும். இறக்காமல் விட்டால் காசு தீர்ந்துபோய்ப் படைகள் கலைய ஆரம்பித்துவிடும். ஆகவே எல்லோருக்கும் ஸ்லைடர்மேல் ஒரு பயம் உண்டு.

இந்தப் பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை என் அக்கா மகன் ஆடியபோது பார்த்தேன். பழைய ஆட்டம் என்று கேலி செய்துகொண்டே தொடங்கியவன், இரண்டு நாளில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"மாமா, நாலு ஊர் இருந்தப்ப சயின்ஸ் எண்பதுல ஓடிச்சு. இப்ப ஏழு ஊர், ஐம்பதுக்கு மேல வெச்சா காசு இறங்குது. மூணு ஊரை வீணாத்தான் கட்டிட்டேனா?"

"சதவீதத்தை விடுடா. நாலு ஊர் இருந்தப்ப டர்னுக்கு எத்தனை பீக்கர் வந்துச்சு?"

"முப்பத்திரண்டு."

"இப்ப?"

திரையைப் பார்த்தான். "முப்பத்தஞ்சு. ஆனா ஸ்லைடர் ஐம்பதுலல்ல இருக்கு?"

"இருக்கட்டும். நாற்பதுல எண்பது சதவீதம் முப்பத்திரண்டு. எழுபதுல பாதி முப்பத்தஞ்சு. அந்தப் புது ஊர்ல போட்ட காட்டேஜ் எல்லாம் வளரட்டும், அப்ப ஸ்லைடரை ஏத்திப் பாரு."

"அதுவரைக்கும் பக்கத்து நாட்டுக்காரன் சும்மா இருப்பானா?"

கேள்வி நியாயமானது. அதற்கு அப்புறம் வருகிறேன். ஆனால் முதல் விஷயம் இதுதான்: நாலாம் பாகத்தில் ஆய்வின் அளவு ஸ்லைடரின் சதவீதம் இல்லை, டர்னுக்கு வரும் பீக்கர். சதவீதத்தைப் பார்த்துப் பயந்து நாலு ஊரோடு நிறுத்தினவர்கள் நூறாவது டர்னில் நிம்மதியாக இருப்பார்கள், இருநூறாவது டர்னில் துப்பாக்கிக்கு எதிரே வில்லைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

காட்டேஜ் என்றேன். இந்த ஆட்டத்தின் மொத்தப் பொருளாதாரமும் அதில்தான் இருக்கிறது. ஒரு கட்டத்தில் காட்டேஜ் என்ற குடிசை போட்டு, அங்கே ஒரு குடிமகனை வேலைக்கு வைத்தால் அது 10 டர்னில் ஹேம்லெட் ஆகும், இன்னொரு 20 டர்னில் வில்லேஜ், இன்னொரு 40 டர்னில் டவுன். ஆகமொத்தம் 70 டர்ன். ஆள் வேலை செய்யாத டர்ன்கள் கணக்கில் சேராது. தொடக்கத்தில் ஒரு காசு தருவது, டவுன் ஆனதும் நாலு காசு தரும், அச்சு இயந்திரம் வந்த பின் இன்னும் ஒன்று கூடும். தென்னம்பிள்ளை வைப்பது மாதிரிதான். வைத்த வருஷம் காய் கேட்கக் கூடாது, ஆனால் வைக்காமல் தள்ளிப்போட்ட ஒவ்வொரு வருஷமும் பின்னால் வலிக்கும். ஐம்பதாவது டர்னில் கட்டிய ஊர் நூற்றிருபதில் டவுன்களாக நிற்கும். அதே இடத்தை நூறாவது டர்னில் பிடித்தால் நூற்றெழுபது ஆகிவிடும், அதற்குள் பாதி டெக் மரத்தை மற்றவர்கள் தாண்டியிருப்பார்கள்.

மாலியின் மன்சா மூசாவை எடுத்துக்கொண்டு ஆடிப் பாருங்கள், இது கண்ணுக்குத் தெரியும். அவருக்கு ஃபைனான்ஷியல் குணம் உண்டு: எந்தக் கட்டம் இரண்டு வணிகமோ அதற்கு மேலோ தருகிறதோ அங்கே ஒன்று கூடுதலாகக் கிடைக்கும். சக்கரம், சுரங்கத் தொழில் என்ற இரண்டு டெக்கோடு தொடங்குவார். விவசாயம், பாட்டரி (மண்பாண்டம்) என்று போனால் சீக்கிரமே காட்டேஜ் கைக்கு வந்துவிடும். ஆற்றங்கரைப் புல்வெளியில் ஒன்றைப் போடுங்கள். ஆற்றுக்கு ஒன்று, காட்டேஜுக்கு ஒன்று, குணத்துக்கு ஒன்று: போட்ட டர்னிலேயே மூன்று வணிகம், கூடவே தன் ஆளுக்குச் சாப்பாடான இரண்டு உணவும். மற்ற தலைவர்களுக்கு அதே கட்டம் இரண்டுதான் தரும். அதனால் மன்சா மூசாவிடம் ஏழாவது ஊரைப் பற்றிக் கேட்டால், ஆறு ஓடுகிற இடமா என்று மட்டும்தான் திருப்பிக் கேட்க வேண்டும்.

செட்லர் கட்டுவதற்கும் ஒரு மறைமுக விலை இருக்கிறது. சாதாரண வேகத்தில் 100 சுத்தியல், அதாவது உற்பத்திப்புள்ளி. கட்டும்போது ஊர் வளராது, மிஞ்சும் உணவும் உற்பத்தியாகச் சேர்ந்துகொள்ளும். உணவு நிறைய உள்ள ஊரில் சுத்தியல் குறைவாக இருந்தாலும் செட்லர் வேகமாக வருவது இதனால்தான். ஆனால் அந்த நேரத்தில் தலைநகரம் இரண்டு குடிமக்களை இழக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது இரண்டு காட்டேஜ்கள் ஆளில்லாமல் கிடக்கின்றன. ஆய்வு தேங்குவதற்குப் பராமரிப்பை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. காட்டை வெட்டிச் செட்லர் எடுப்பவர்கள் இந்த இழப்பைப் பாதியாகக் குறைத்துவிடுவார்கள். ஒரு காடு 20 சுத்தியல், கணிதம் தெரிந்தபின் 30.

இப்போது அக்கா மகனின் கேள்வி. பக்கத்து நாட்டுக்காரன் சும்மா இருக்க மாட்டான், அதனால்தான் முதலில் அவன் பக்கத்து நிலத்தைப் பிடிக்க வேண்டும். நமக்குப் பின்னால் கடலோரமாக இருக்கும் இடங்கள் எங்கும் ஓடிப்போவதில்லை. எல்லையை மூடிவிட்டால் அவை நம் சொத்து, காசு வந்தபின் நிதானமாகக் கட்டலாம். புதிதாக ஆடுகிறவர்கள் அருகில் இருப்பதை முதலில் கட்டி, எல்லையைக் கடைசிக்கு விடுவார்கள். பராமரிப்பு குறைவு என்பது உண்மைதான். ஆனால் எட்டு ஊருக்கான நிலம் ஐந்து ஊருக்கானதாகச் சுருங்கிவிடும். அந்த மூன்று ஊர்களை எந்த நூலகமும் திருப்பித் தராது.

ஆய்வு இங்கே விரிவாக்கத்துக்கு எதிரி இல்லை என்பதை டெக் மரமே சொல்கிறது. எழுத்து வந்தால் நூலகம், 25 சதவீதம் கூடுதல் பீக்கர். கரன்சி வந்தால் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு வணிகப் பாதை கூடும். மூன்று ஊர் வைத்திருப்பவருக்கு அது மூன்று பாதை, எட்டு ஊர் வைத்திருப்பவருக்கு எட்டு. அதே டெக், அதே விலை. கோட் ஆஃப் லாஸ் வந்தால் நீதிமன்றம், அந்த ஊரின் பராமரிப்பு பாதியாகும். ஆக, பரந்து கிடக்கும் நாட்டுக்கு ஒரு டெக் வரிசை இருக்கிறது: பாட்டரி, எழுத்து, கரன்சி, கோட் ஆஃப் லாஸ். ஸ்லைடர் நாற்பதுக்கு வந்துவிட்டது, ஆனால் கரன்சி இன்னும் எட்டு டர்னில் வந்துவிடும் என்றால் நான் செட்லரை அனுப்புவேன். கரன்சி இன்னும் முப்பது டர்ன் என்றால் நிறுத்துவேன். இடையில் அதிசயக் கட்டடம், மதம் என்று சுற்றிவிட்டு வந்தவர்களுக்குத்தான் ஆறாவது ஊர் கழுத்தை நெரிக்கிறது.

ஆறு ஊராவது வேண்டும் என்று ஆய்வே கேட்கிற இடமும் ஒன்று உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம், அது இருக்கும் ஊரின் ஆய்வை இரட்டிப்பாக்கும் தேசியக் கட்டடம். நடுத்தர அளவு வரைபடத்தில் அதைக் கட்ட ஆறு பல்கலைக்கழகங்கள் தேவை. நாலு ஊரை அழகாக வளர்த்துவைத்திருப்பவருக்கு ஆக்ஸ்ஃபோர்டே கிடையாது. அறிவுக்கான மிகப் பெரிய பரிசை நிலம் வைத்திருப்பவருக்கு மட்டும் கொடுக்கிறது இந்த ஆட்டம்.

இன்னொரு உபாயம், இதைப் பார்த்தபின் ஸ்லைடர் பயம் முற்றிலும் போய்விடும். ஸ்லைடரை ஐம்பதிலேயே வைக்க வேண்டியதில்லை. சில டர்ன் பூஜ்யத்தில் வைத்துக் காசு சேர்த்து, அப்புறம் நூறில் வைத்துச் செலவழிக்கலாம். சராசரி ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை. ஒவ்வோர் ஊரிலும் பின்னங்கள் கீழே வெட்டப்படுவதால் நடுவில் வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாக நஷ்டம். அதைவிட முக்கியம், நூலகங்கள் கட்டிக்கொண்டிருக்கும்போது பூஜ்யத்தில் வைத்துக் காசைச் சேர்த்து, நூலகங்கள் முடிந்ததும் நூறுக்கு ஏற்றினால், அந்தக் காசு வாங்கித் தருகிற பீக்கர்மீதெல்லாம் 25 சதவீதம் கூடுதலாக விழும். விரிவாக்க காலத்தில் ஆய்வு நின்றுபோனது மாதிரி தெரிவது, உண்மையில் சேமிப்பாக இருக்க முடியும்.

இப்படி ஊறிப்போன ஒருவர் 2010-இல் வந்த ஐந்தாம் பாகத்தைத் திறந்தால் என்ன ஆகும்? ஐம்பதாவது டர்னுக்குள் ஏழு ஊர் கட்டுவார், நாடு முழுக்க அழுமூஞ்சியாகிவிடும். ஜான் ஷேஃபர் வடிவமைத்த இந்தப் பாகத்தில் ஸ்லைடரே இல்லை, ஊருக்கான பராமரிப்பும் இல்லை. வரி மகிழ்ச்சியில் விழுகிறது. ஊர் ஒன்றுக்கு மூன்று அதிருப்தி, குடிமகன் ஒருவனுக்கு ஒன்று, எல்லாம் நாடு முழுமைக்கும் ஒரே கணக்கு. அது பூஜ்யத்துக்குக் கீழே போனால் ஊர்களின் வளர்ச்சி கால் பங்காகச் சுருங்கும். இதில் ஆய்வு மக்கள்தொகையிலிருந்துதான் வருகிறது, நூலகம் இரண்டு பேருக்கு ஒரு பீக்கர் வீதம் தருகிறது. ஆகவே வளர்ச்சி நின்றால் ஆய்வும் நின்றது.

ஐந்தில் ஏழாவது ஊர்க் கேள்விக்கு நான் போடும் கணக்கு சின்னது. அந்த இடத்தில் நம்மிடம் இல்லாத ஆடம்பரப் பொருள் இருக்கிறதா? பட்டு, உப்பு, முத்து, எதுவோ. புது ஆடம்பரம் நாலு மகிழ்ச்சி தரும். ஊருக்கு மூன்று, முதல் குடிமகனுக்கு ஒன்று போனால் கணக்கு நேர். இல்லையென்றால் அந்த இடம் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அது கடன்.

நாலாம் பாகத்தின் ஆக்ஸ்ஃபோர்டுக்கு நேர் எதிரானது ஐந்தின் நேஷனல் காலேஜ். தான் இருக்கும் ஊரின் ஆய்வை 50 சதவீதம் தூக்கிவிடும் அந்தக் கட்டடத்தைக் கட்ட, ஒவ்வோர் ஊரிலும் நூலகம் இருக்க வேண்டும். புதிதாக ஒரு செட்லரை நிலத்தில் இறக்கினால் அங்கேயும் நூலகம் முடியும்வரை காலேஜ் காத்திருக்கும். கூடவே டிரெடிஷன் கொள்கை இலவசக் கட்டடங்களை முதல் நாலு ஊர்களுக்குத்தான் தருகிறது. நாலு ஊரோடு நிறுத்து, உயரமாக வளர் என்று ஆட்டம் காதருகில் வந்து சொல்லிக்கொண்டே இருக்கும். 2013-இல் பிரேவ் நியூ வேர்ல்டு என்ற கூடுதல் தொகுப்பு வந்தபோது, ஊர் ஒன்றுக்கு டெக் விலை 5 சதவீதம் ஏறும் என்ற விதியும் சேர்ந்தது. இந்த 5 சதவீதத்தைத்தான் எல்லோரும் பேசுவார்கள், ஆனால் என் பார்வையில் அது பெரிய வில்லன் இல்லை. ஒழுங்காக வளர்ந்த ஐந்தாவது ஊர் அந்த அளவைச் சம்பாதித்துவிடும். மகிழ்ச்சியும் காலேஜ் தள்ளிப்போவதும்தான் உண்மையான வரி. கைபேசியில் இதன் விதிகளைத் தழுவிய அன்சிவ் என்ற திறந்தமூல ஆட்டம் கிடைக்கிறது, படங்கள் சுமாராக இருக்கும், ஆனால் பேருந்துப் பயணத்தில் இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்க்க அதுவே போதும்.

ஆறாம் பாகம் 2016-இல் வந்தது, எட் பீச் தலைமையில். காற்று மறுபடி திசை மாறிவிட்டது. ஊர் கூடுவதால் டெக் விலை ஏறாது. மகிழ்ச்சிக்குப் பதிலாக அமெனிட்டி (வசதி), அதுவும் ஊர் ஊராகத் தனிக் கணக்கு, முதல் இரண்டு குடிமக்களுக்கு அது தேவையே இல்லை. ஊரைச் சுற்றியுள்ள கட்டங்களில் எழுப்புகிற தனிப் பகுதிகளை இதில் மாவட்டம் என்கிறார்கள்; ஆய்வு பெரும்பாலும் கேம்பஸ் என்ற மாவட்டத்திலிருந்து வருகிறது, ஊருக்கு ஒரு கேம்பஸ்தான். அப்படியென்றால் நிறைய ஆய்வுக்கு நிறைய ஊர், வேறு வழியில்லை. 'நூறாவது டர்னுக்குள் பத்து ஊர்' என்பது ஆறாம் பாகம் ஆடுகிறவர்களிடையே பழமொழி மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் வரி இல்லாமல் இல்லை. இங்கே அது தலைகீழாக விழுகிறது. மாவட்டங்களின் விலை, நாம் எத்தனை டெக், எத்தனை சிவிக் (சமூக முன்னேற்றம்) முடித்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து ஏறிக்கொண்டே போகும். அதாவது ஆய்வுதான் விரிவாக்கத்துக்கு வரி போடுகிறது! டெக் மரத்தில் முன்னால் ஓடிவிட்டு, நூற்றைம்பதாவது டர்னில் ஒரு புது ஊர் கட்டினால், அங்கே கேம்பஸ் எழும்புவதற்குள் ஆட்டமே முடிந்துவிடும். ஆகவே ஆறாம் பாகத்தில் நிலம் முதலில், டெக் பின்னால் என்ற வரிசை கட்டாயம்.

இதற்கும் ஒரு வழி இருக்கிறது. மாவட்டத்தை வரைபடத்தில் இடம் குறித்துவைத்த டர்னிலேயே அதன் விலை பூட்டப்பட்டுவிடும், கட்டுமானம் எப்போது முடிந்தாலும் சரி. மூன்று மலைகள் சூழ்ந்த கட்டத்தில் கேம்பஸ் வைத்தால் மலைக்கொன்றாக மூன்று ஆய்வுப்புள்ளி கூடும் என்று தெரிகிறது, ஊரில் இப்போது உற்பத்தி இல்லை. பரவாயில்லை, இடத்தை வைத்துவிட்டு ஒரு டர்ன் கழித்து நினைவுச்சின்னத்துக்கு மாறிவிடுங்கள். முப்பது டர்ன் கழித்து வந்து பழைய விலையில் முடிக்கலாம். ஊரின் முதல் மாவட்டத்துக்கு ஒரு குடிமகன் போதும், அடுத்தது நாலு பேரானால், அதற்கடுத்தது ஏழு பேரானால். அதனால் புது ஊர் பிறந்த கையோடு இந்த வேலையைச் செய்துவிடலாம்.

ஒரு குறிப்பிட்ட செயலைச் செய்தால் அதற்குரிய டெக்கின் விலையில் ஒரு பங்கு குறையும், இதற்குப் பெயர் யுரேகா; அதுவும் பரவுகிறவருக்குத்தான் சாதகம். கடலோரத்தில் ஊர் கட்டினால் கப்பலோட்டம் பாதி வழிக்கு வந்துவிடும், கல்குவாரி தோண்டினால் கொத்துவேலை, மேய்ச்சல் நிலம் போட்டால் குதிரையேற்றம், அயலானைச் சந்தித்தால் எழுத்து. முதலில் டெக் விலையில் 50 சதவீதமாக இருந்த இந்த உதவியை ரைஸ் அண்ட் ஃபால் என்ற கூடுதல் தொகுப்பு வந்தபோது 40 ஆகக் குறைத்தார்கள். அப்படியும் பெரிய தொகைதான். அதனால் யுரேகா வரும் என்று நம்பிக்கை இருக்கும் டெக்கை 60 சதவீதத்தில் நிறுத்திவிட்டு வேறொன்றுக்குத் தாவுவார்கள். முதல் நாற்பது டர்னில் நூலகத்தைவிட நாலு திசையிலும் நடக்கிற ஆளும், இரண்டு செட்லரும் அதிக ஆய்வைத் தருகின்றன.

ஏழாம் பாகம் 2025 பிப்ரவரியில் வந்தது. அதைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. குடியிருப்புகளுக்கு வெளிப்படையாக ஓர் உச்சவரம்பு எழுதியே போட்டுவிட்டார்கள், தாண்டினால் மகிழ்ச்சி குறையும். வரியை ரசீதோடு கொடுத்த மாதிரி இருக்கிறது, தேடிக் கண்டுபிடிக்கும் சுகம் போய்விட்டது. ஆனால் நம்மவர்கள் ஒருமுறையாவது ஆடிப் பார்க்கக் காரணம் இருக்கிறது: நடுக்காலத்தில் சோழர்களாக ஆடலாம். கடலும் வணிகமும்தான் அவர்கள் பலம், அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் கட்டடங்களாக வருகின்றன, தஞ்சைப் பெரிய கோயில் உலக அதிசயங்களில் ஒன்று. வணிகக் குழுக்களைப் பாடப்புத்தகத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக மட்டும் படித்தவனுக்கு அதைத் திரையில் கட்டுவது தனி மகிழ்ச்சி, அந்த உச்சவரம்புக் கோபத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிடலாம்.

இத்தனை பெரிய ஆட்டங்களுக்கு நேரம் இல்லை, ஆனால் இந்த இழுபறி பழக வேண்டும் என்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது கைபேசியில் ஓடும் பாலிடோபியா. 2016-இல் வந்தது. நட்சத்திரம் என்ற ஒரே காசு. அதில்தான் படை, அதில்தான் டெக். ஒரு டெக்கின் விலை, அது மரத்தில் எத்தனையாவது அடுக்கோ அதை நம் ஊர் எண்ணிக்கையால் பெருக்கி, நாலைக் கூட்டினால் வரும். ஒரே ஊர் இருக்கும்போது முதல் அடுக்கு டெக் 5 நட்சத்திரம், மூன்றாம் அடுக்கு 7. ஆறு ஊர் ஆனதும் அதே டெக்குகள் 10, 22. பரவினால் டெக் விலை ஏறும் என்பது இங்கே மறைவாக இல்லை, அப்பட்டமாக முகத்தில் அறைகிறது.

அதனால் டர்னுக்குள் வரிசை முக்கியமாகிறது. நம் வீரன் ஒரு கிராமத்தில் நின்றுகொண்டிருக்கிறான், கைப்பற்று என்ற பொத்தான் மின்னுகிறது. கையில் 14 நட்சத்திரம். ஊர் இப்போது நாலு, வேண்டிய டெக் இரண்டாம் அடுக்கு. முதலில் டெக்கை வாங்கினால் 12. முதலில் கிராமத்தைப் பிடித்துவிட்டு வாங்கினால் 14. அந்த இரண்டு நட்சத்திரத்தில் ஒரு வீரன் வருவான். அக்கா மகன் இப்போதெல்லாம் ஆறாம் பாகத்தை டெய்டி என்ற மிகக் கடினமான நிலையில் ஆடுகிறான், கம்ப்யூட்டர் எதிரிகள் மூன்று செட்லரோடு தொடங்குகிற நிலை அது. அவனே பாலிடோபியாவில் கிராமத்தைப் பார்த்தால் கை பரபரத்து முதலில் அதைத்தான் அமுக்குகிறான். "டேய், டெக்கை வாங்கிட்டு அமுக்குடா" என்றால், "ஊரைப் பிடிச்சாத்தான் மாமா மனசு ஆறுது" என்கிறான்.